படுக்கைப் புண்ணும் தாதியர் ஆய்வும்

ஜார்ஜ்டவுன் மருத்துவமனை ஒன்றில், பக்கவாதத்தால் படுத்துவிட்ட முதியவர் ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை பயிற்சித் தாதி அவரைப் புரட்டிப் படுக்க வைக்கிறார். பார்ப்பதற்குச் சிறிய வேலைதான். அதற்குப் பின்னால் ஓர் ஆய்வு இருக்கிறது.

அசையாமல் படுத்திருப்பவரின் இடுப்பிலும் குதிகாலிலும் எலும்பு தோலை அழுத்தும். இரத்த ஓட்டம் தடைபடும், புண் உண்டாகும். முன்பு தாதியர் அவ்விடங்களில் ஸ்பிரிட்டும் களிம்பும் தேய்த்து வந்தனர். பிரிட்டிஷ் தாதி டோரின் நார்ட்டனும் அவருடைய குழுவினரும் லண்டனில் முதியோரிடையே ஆராய்ந்து, 1962இல் முடிவுகளை வெளியிட்டனர். புண்ணைத் தடுப்பது களிம்பு அன்று, அழுத்தத்தை நீக்குவதே என்பது அதனால் புலப்பட்டது. உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் திறன், சிறுநீர் மலக் கட்டுப்பாடு ஆகிய 5 கூறுகளுக்கும் 1 முதல் 4 வரை புள்ளி வழங்கும் அளவுகோலையும் அவர்கள் உருவாக்கினர். மொத்தம் 14 அல்லது அதற்கும் குறைவு என்றால் புண் வரும் ஆபத்து உண்டு.

வகுப்பில் கற்றது வார்டில் நடக்காவிட்டால் என்ன பயன்? ஆள் குறைந்த இரவில் புரட்டும் நேரம் தவறும். மூத்தவர் செய்வதையே மாணவரும் செய்வர். தமிழகத்தின் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி இதற்கு ஒரு வழி கண்டது. 1909இல் தாதியர் பயிற்சியையும் 1946இல் பட்டப்படிப்பையும் தொடங்கிய அங்கு, விரிவுரையாளர்களே வார்டுகளிலும் பொறுப்பேற்கின்றனர். பாடம் நடத்தியவரே நோயாளியின் முதுகையும் பார்க்கிறார். புண் வந்துவிட்டால், அது வார்டின் பிழை என்று அவரால் ஒதுங்க முடியாது.