இளம் வயது நீரிழிவும் நம் இல்லங்களின் நோன்புகளும்

உடல் வேறு, உயிர் வேறு என்பது நம் சமயத்தின் முதற்பாடம். எனினும் நிறைவான துறவும் தவமும் மேற்கொண்டு வினைகளை உதிர்ப்பதற்கு இம்மானிட உடலன்றி வேறு கருவி இல்லை. ஆதலின் உடலைப் பேணுதல் இல்லறத்தார்க்கு ஒரு கடமையாகவே அமைகின்றது. அக்கடமையில் இந்நாளில் நம் குடும்பங்களைப் பெரிதும் சோதிக்கும் நோய் நீரிழிவு. அதிலும் இருபத்தைந்து வயதிற்குள் வரும் நீரிழிவு. முதியோர்க்கு வரும் சர்க்கரை நோயைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். இளையோர்க்கு வருவது அதன் சிறிய வடிவம் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மாறானது.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிச் சிற்றூர்களில் வயலும் களமுமாக வாழ்ந்த நம்மவர் பலர், பிள்ளைகளின் கல்வியையும் பணியையும் கருதித் தாம்பரம் முதல் கேளம்பாக்கம் வரையுள்ள சென்னையின் தென்புறத்தில் குடியேறியுள்ளனர். ஒரு காலத்தில் உப்பளங்களுக்கே பெயர் பெற்ற கேளம்பாக்கம் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் கணினி அலுவலகங்களுக்கும் நடுவே நிற்கின்றது. பாட்டனார் நாற்று நட்டார். பேரன் பத்து மணி நேரம் நாற்காலியில் அமர்ந்திருக்கிறான். ஆனால் சோற்றின் அளவு பாட்டனாரின் அளவாகவே இருக்கின்றது.

இதே வட்டாரத்தைச் சேர்ந்த சிறுசேரியில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் உள்ளது. அந்நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து நாடு முழுதும் நடத்திய கணக்கெடுப்பு 2023-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இந்தியாவில் நீரிழிவு உடையோர் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் என்றும், தமிழ்நாட்டில் இருபது வயதைக் கடந்தோரில் 100-க்கு 14 பேருக்கு மேல் இந்நோய் உடையவர் என்றும் அது தெரிவிக்கின்றது. இளையோர்க்கென்றே தனிப் பதிவேடு ஒன்றினை அக்கழகம் 2006-இல் தொடங்கிற்று. இருபத்தைந்து வயதிற்குள் நோய் கண்டவர்களே அதில் இடம்பெறுவர். அதன் முதற்கட்டக் கணக்கில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் முதல் வகையினர்; நான்கில் ஒரு பங்கினர் இரண்டாம் வகையினர்.

இவ்விரு வகைகளையும் பிரித்தறிதல் இன்றியமையாதது. முதல் வகையில், இன்சுலினைச் சுரக்கும் கணையச் செல்களை உடலின் எதிர்ப்பாற்றலே அழித்துவிடுகின்றது. இது பெற்றோர் ஊட்டிய இனிப்பால் வந்ததன்று. தாயைக் குறை கூறும் உறவினர் இதனை அறிதல் நலம். இரண்டாம் வகையில் இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. வயிற்றுப் பருமன், உழைப்பின்மை, குடும்ப வழி, கருவுற்ற காலத்தில் தாய்க்கு இருந்த சர்க்கரை ஆகியவை இதற்கு இடந்தருவன. முன்னர் நாற்பது வயதில் கண்ட இந்நோய் இன்று பதினாறு வயதிலேயே காணப்படுகின்றது.

ஓசையின்றி நிகழும் சேதம்

இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர்களைச் சிதைக்கின்றது. இத்தகைய குழாய்கள் நெருங்கிப் பின்னியிருக்கும் இடங்கள் விழித்திரையும் சிறுநீரகமும்; நரம்புகளுக்கு உணவூட்டுவனவும் இவையே. விழித்திரையில் சிறு கசிவுகள் தோன்றினாலும் பார்வை குறைவதில்லை. சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதுற்று அல்புமின் என்னும் புரதம் நீரில் ஒழுகினாலும் வலி இல்லை, வீக்கம் இல்லை. பார்வை மங்கிக் கால் வீங்கும் நாளில் நோய் பல ஆண்டுப் பயணத்தை முடித்திருக்கும். அறுபது வயதில் நோய் கண்டவர்க்கு அந்தப் பல ஆண்டுகள் வாழ்நாளின் கடைசிப் பகுதியில் கழிகின்றன. பதினைந்து வயதில் கண்டவர்க்கோ, படித்து முடித்துப் பணியில் அமர்ந்து திருமணம் செய்துகொள்ளும் காலத்திலேயே கணக்குத் தீர்க்கும் நாள் வந்துவிடுகின்றது.

சென்னை மருத்துவர்கள் 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பத்து முதல் இருபத்தைந்து வயதிற்குள் நோய் கண்டு பல்லாண்டு கடந்தவர்களின் விழித்திரை ஆராயப்பட்டது. முதல் வகையினர், இரண்டாம் வகையினர் ஆகிய இரு சாராரிலும் பாதிக்குச் சற்று மேற்பட்டோர்க்குப் பாதிப்பு இருந்தது. அமெரிக்காவில் 2017-இல் வெளியான ஆய்வோ மேலும் ஒன்றினைப் புலப்படுத்தியது. சிறு வயதில் நோய் கண்டு ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கழிந்த நிலையில், முதல் வகையினரில் 100-க்கு 32 பேருக்கும், இரண்டாம் வகையினரில் 100-க்கு 72 பேருக்கும் கண், சிறுநீரகம், நரம்பு, இரத்தக் குழாய் ஆகியவற்றுள் ஒன்றிலேனும் தீங்கு தொடங்கியிருந்தது. இவர்கள் சராசரியாக இருபத்தொரு வயதினர்! "ஊசி இல்லை, மாத்திரைதானே, இலேசான சர்க்கரைதான்" என்று ஆறுதல் கூறுவோர் இந்த எண்களை ஒருமுறை நோக்குதல் வேண்டும். இளமையில் வரும் இரண்டாம் வகை இலேசானது அன்று.

ஆறுதலும் உண்டு. 1993-இல் முடிவுற்ற புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வு 13 முதல் 39 வயது வரையுள்ள முதல் வகையினர் 1,441 பேரைப் பல்லாண்டு தொடர்ந்தது. சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்களுள் முன்பு கண் பாதிப்பு இல்லாதிருந்தோர்க்கு அப்பாதிப்பு தோன்றும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்தது. ஆய்வு முடிந்து இரு சாராரின் கட்டுப்பாடும் ஏறக்குறைய ஒன்றான பின்னரும், தொடக்கத்தில் கண்டிப்பாக இருந்தோரின் நலம் நீடித்தது. மாரடைப்பு முதலியனவும் அவர்களுக்குக் குறைந்தன. தொடக்க ஆண்டுகளில் செய்த நன்மையையும் தீமையையும் உடல் நெடுங்காலம் நினைவில் கொள்கின்றது. செய்வினை பின்னர் உதயத்திற்கு வரும் என்னும் கொள்கையில் பயின்ற நமக்கு இது வியப்பாகத் தோன்றாது.

சர்க்கரையோடு சேர்ந்து தீங்கினை விரைவுபடுத்துவன உயர் இரத்த அழுத்தம், கொழுப்பு மிகுதி, புகைபிடித்தல் ஆகியவை. பருவமடையும் வயதும் ஒரு காரணம்: வளர்ச்சிச் சுரப்புகள் இன்சுலினை எதிர்ப்பதால் அதுவரை அடங்கியிருந்த சர்க்கரை பதின்மூன்று, பதினான்கு வயதில் கட்டுமீறும். அப்போது மருந்தின் அளவைத் திருத்த வேண்டுமேயன்றிப் பிள்ளையைத் திருடித் தின்றதாக ஐயுறுதல் தகாது.

நம் இல்லங்களுக்கே உரிய வினாக்கள்

கிழங்கும் ஊனும் நாம் உண்பதில்லை. எனவே நீரிழிவு நம்மை அணுகாது என்பார் உளர். கிழங்கை விலக்கி, மூன்று வேளையும் வெள்ளரிசியும், மாலையில் மைதாப் பண்டமும், பூஜை நாள்தோறும் வெல்லப் பொங்கலும் உண்டால் அவ்விலக்கினால் சர்க்கரை குறைவதற்கு இடமேது? பயறு, கீரை, காய் ஆகியவற்றைப் பெருக்கிச் சோற்றைச் சுருக்குதலே பயன் தரும்.

இரவு உண்ணாமை நம் தனிச் சிறப்பு. மாலையில் விரைவில் உண்டு முடித்தல் சர்க்கரைக்கு நல்லது என்பதற்குச் சில சான்றுகள் உள்ளன. 2018-இல் வந்த ஓர் ஆய்வு அதனைக் காட்டிற்று. ஆனால் அதில் பங்கேற்றோர் எட்டே பேர். அதனைக் கொண்டு மேடையில் முழங்குதல் கூடாது. இன்சுலின் ஏற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு இதில் ஓர் இடரும் உண்டு. ஞாயிறு மறையுமுன் உண்டால் மறுநாட் காலை உணவு வரை 13, 14 மணி நேர இடைவெளி விழுகின்றது. பால் போல் கலங்கிய இடைக்கால இன்சுலினை மாலையில் ஏற்றினால் அதன் வேகம் நள்ளிரவை ஒட்டி உச்சமடையும். உறக்கத்திலேயே சர்க்கரை வெகுவாகத் தாழ்ந்து, வியர்வை, நடுக்கம், பிதற்றல், மயக்கம் எனத் தொடரக்கூடும். ஆதலின், "எங்கள் இல்லத்தில் மாலை ஆறு மணிக்குமேல் உணவு இல்லை" என்பதை மருத்துவரிடம் முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். நாள் முழுதும் சமமாக இயங்கும் இன்சுலின் வகைகள் இன்று உண்டு. அளவையும் நேரத்தையும் நம் வழக்கத்திற்கேற்ப அவரால் அமைத்துத் தர இயலும். சொல்லாமல் மறைத்தால் அவர் பொதுவான வழக்கத்திற்கே எழுதித் தருவார்.

தாழ்வு நேர்ந்தால், அஃதாவது 70-க்குக் கீழ் இறங்கினால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையோ அதற்கீடான குளுக்கோஸ் பொடியோ நீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் தேன் தடவச் சொல்வர். தேன் நமக்கு விலக்கு, அது தேவையும் இல்லை. நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றுதல் ஆகாது. உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். நள்ளிரவில் சர்க்கரை கொடுத்தால் விரதம் கெடுமோ என்னும் தயக்கம் சில இல்லங்களில் எழுகின்றது. இரவில் அன்னத்தை மட்டும் விலக்கி, நீரும் மருந்தும் கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வேளையில் அச்சர்க்கரை உணவன்று, மருந்து. ஐயமுள்ளோர் பெரியோர்களிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்க. மயக்கம் வந்தபின் ஆராய்ச்சிக்கு நேரம் இராது.

அட்டமி, சதுர்த்தசி, தசலட்சண பர்வம் ஆகிய நாட்களின் உபவாசம் அடுத்தது. முதல் வகைப் பிள்ளைகள் முழு உபவாசம் ஏற்பது பெரிதும் இடருடையது. "உண்ணவில்லையே, ஊசி எதற்கு" என்று இன்சுலினை முற்றிலும் நிறுத்துதலோ உயிருக்கே கேடு. உண்ணாத நிலையிலும் உடலுக்கு அடிப்படை இன்சுலின் வேண்டும். அது இன்றேல் கீட்டோன் அமிலம் தேங்கி, ஓரிரு நாட்களில் வாந்தியும் மூச்சிரைப்பும் நினைவிழப்பும் தொடரும். இரண்டாம் வகையினரிலும் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மாத்திரை உட்கொள்வோர்க்கு உபவாசத்தில் இதே ஆபத்து உண்டு. தீர்த்தங்கரத்துவத்திற்குக் காரணமாகும் பதினாறு பாவனைகளைக் கூறுமிடத்தில் தத்துவார்த்த சூத்திரம் தவத்தை 'ஆற்றலுக்கேற்ற' தவமென்றே வரையறுக்கின்றது. உண்ணாமை ஒன்றே தவமன்று; குறைத்துண்ணல், சுவை துறத்தல், சுவாத்தியாயம், தியானம் என அதன் வகை பல. இப்பிள்ளைக்குச் சுவை துறத்தல் விரதமாகவும் ஆகும், மருந்தாகவும் ஆகும்.

இன்சுலின் ஏற்பது அகிம்சைக்கு ஒவ்வுமோ என்னும் வினாவை முதியோர் சிலர் இன்றும் எழுப்புகின்றனர். அவ்வினா பொருளற்றதன்று. 1922-இல் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதல் ஏற்றப்பட்டது மாட்டின் கணையச் சாறே; பன்றியின் கணையமும் பின்னர்ப் பயன்பட்டது. 1982 முதல் மனித இன்சுலின் நுண்ணுயிர்களையும் ஈஸ்ட்டையும் கொண்டு ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்படுகின்றது. இன்று மருந்துக் கடைகளில் வழக்கமாகக் கிடைப்பது அதுவே. இந்திய நிறுவனங்களே இதனைத் தயாரிக்கின்றன. இல்லறத்தார் ஏற்கும் அணுவிரதம் இயங்கும் உயிர்களை எண்ணித் துணிந்து கொல்லாமை. இவ்வின்சுலினை ஏற்பதால் அவ்விரதம் பிழைபடுவதாக நான் கருதவில்லை. ஐயமுற்றுக் குழந்தையின் ஊசியை நிறுத்துதலே பெரிய ஹிம்சையாக முடியும்.

தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அமைந்துள்ள பகுதி நம்முடையது. மூலிகை மருத்துவத்தில் நம் முன்னோர்க்கும் ஈடுபாடு உண்டு. எனினும் முதல் வகை நீரிழிவில் இன்சுலினுக்கு மாற்று எந்த மருத்துவ முறையிலும் இன்றுவரை இல்லை.

மறைத்தலால் வரும் கேடு

இவை அனைத்தினும் பெரிய இடர் ஒன்றுண்டு. பெண் பிள்ளைக்கு நோய் எனத் தெரிந்தால் வரன் அமையாது என்றஞ்சி, பெற்றோர் அதனை உறவினரிடமும் கல்லூரியிலும் மறைக்கின்றனர். சிறிய சமூகம் நம்முடையது. ஓர் ஊரில் பேசியது மறுவாரம் அடுத்த ஊரில் கேட்கும். ஆகையால் அச்சம் இயல்பே. ஆனால் மறைத்தலின் விலையை அப்பிள்ளையே செலுத்துகிறாள். தோழியர் காணாதபடி ஊசியைத் தவிர்க்கிறாள். திருமண வீடுகளில் தங்கும் நாட்களில் மருந்தை விடுகிறாள். கண் பரிசோதனைக்குச் சென்றால் எவரேனும் காண்பரோ எனத் தள்ளிப்போடுகிறாள். மணமான பின்னும் மறைவு தொடர்ந்தால் தீங்கு இருமடங்காகும். கருவின் இதயமும் முதுகுத்தண்டும் முதல் எட்டு வாரங்களுக்குள் உருவாகின்றன. கருவுற்றதை உறுதி செய்யும்போதே அவ்வாரங்களுள் பாதி கழிந்திருக்கும். எனவே சர்க்கரையைக் கருவுறுமுன்பே சீராக்குதல் வேண்டும். முன்பே பாதிப்புற்ற விழித்திரையும் சிறுநீரகமும் அக்காலத்தில் மேலும் நலியக்கூடும். நன்கு கட்டுப்படுத்திய பெண் நலமான மகவைப் பெற்று நெடிது வாழ்வதற்குத் தடையில்லை. இதனை மணமகன் வீட்டாரிடம் மருத்துவர் முன்னிலையில் வெளிப்படையாகப் பேசிய பெற்றோரையும் நான் அறிவேன். அவ்வாறு பேசிய பின் அமைந்த திருமணமும் உண்டு, விலகிப்போன சம்பந்தமும் உண்டு.

செய்ய வேண்டிய சோதனைகள் சிலவே. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை செய்க. பெரும்பாலோர்க்கு அது 7-க்குக் கீழ் இருத்தல் நன்று. குறியளவை மருத்துவரே வரையறுப்பார். மருத்துவரைக் காணும்தோறும் இரத்த அழுத்தம் பார்க்கப்படல் வேண்டும். சிறுநீரில் அல்புமின், விரிந்த கண்மணி வழியாக விழித்திரை, பாத உணர்ச்சி ஆகிய மூன்றும் இரண்டாம் வகையினர்க்கு நோய் கண்ட நாளிலேயே தொடங்கி ஆண்டுதோறும் தேவை. முதல் வகையினர்க்கு நோய் கண்டு மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் இவை தொடங்கும். கண்ணாடிக் கடையில் எழுத்துப் படிக்கும் சோதனை விழித்திரைச் சோதனை ஆகாது.

வசதி குறைந்த குடும்பங்கள் அரசு மருத்துவமனைகளை நாடலாம். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், சிறார்க்கு எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் உள்ளன. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டிற்கே வந்து தரப்படுகின்றன. சோதனைப் பட்டைகளின் செலவுதான் பல பெற்றோரை வாட்டுவது. ஊர்தோறும் உள்ள நம் சங்கங்கள் ஔஷத தானத்தில் இதனையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தசலட்சண பர்வத்திற்கு ஒரு மாதம் முன்னரே, இல்லத்தில் உண்ணும் நேரங்கள், ஏற்க விரும்பும் விரதங்களின் நாட்கள், கடந்த இரு வாரச் சர்க்கரை அளவுகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, பிள்ளையையும் உடன் அழைத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுக. அவர் கேட்கும் வினாக்களுக்குப் பிள்ளையே விடை கூறட்டும்.