ரேஷன் அரிசியில் அந்த 'வேற மாதிரி' மணி

"ரேஷன் அரிசியில பிளாஸ்டிக் கலக்கறாங்களாமே?" தர்மபுரி, அரூர் பக்கம் 2023-ல் பல வீடுகளில் இதே பேச்சு.

பிளாஸ்டிக் இல்லீங்க. அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து, மெஷினில் அரிசி வடிவத்திலேயே பிழிந்தெடுத்த மணி. நூறு கிலோவுக்கு ஒரு கிலோ கலந்தார்கள். பொறுக்கி எறிந்தால் சத்தெல்லாம் கோழிக்குத்தான்!

எவ்வளவு சேர்க்கலாம் என்பதை மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் வரையறுத்தது. கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு. தினம் 300 கிராம் அரிசி சாப்பிடுகிறவருக்கு சுமார் 8 முதல் 13 மில்லிகிராம். ரத்தசோகை உள்ள பெண்களுக்கு நல்ல துணைதான். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

சிக்கல் பரம்பரை ரத்த நோய் உள்ளவர்களுக்கு. மலைக்கிராமங்கள் நிறைந்த இந்த மாவட்டத்தில் இதை அசட்டையாக விட முடியாது. தலசீமியா இருந்தால் டாக்டர் மேற்பார்வையில் சாப்பிடலாம், அரிவாள் செல் ரத்தசோகை இருந்தால் வேண்டாம் என்று பாக்கெட்டில் அச்சிடுவது கட்டாயமாக இருந்தது. நிபுணர்கள் மறுபரிசீலனை செய்து, 2024-ல் அதை நீக்கினார்கள். ஒரு யூனிட் ரத்தம் ஏற்றினாலே 200 மில்லிகிராம் இரும்பு உடம்பில் சேருகிறது. சோற்றிலிருந்து சேருவது சொற்பம் என்பது அவர்கள் கணக்கு.

கணக்கு சரி. ஆனால் ரத்தம் ஏற்றிக்கொள்ளாத தலசீமியாக்காரர்களின் குடல், இரும்பைக் கூடுதலாகவே உறிஞ்சும். அவர்களுக்காகவாவது அந்த வரியை விட்டிருக்கலாம். (மூட்டையிலிருந்து அளந்து போடும் அரிசியில் அதை யார் படித்தார்கள் என்பது வேறு விஷயம்!)

வீட்டில் அப்படி யாராவது இருந்தால் பயந்து அரிசியைக் கொட்டிவிடாதீர்கள். அடுத்த முறை ஆஸ்பத்திரி போகும்போது, "எங்க வீட்ல ரேஷன் அரிசிதான்" என்று டாக்டரிடம் சொல்லி, ஃபெரிட்டின் டெஸ்ட் எப்போது எடுக்கணும் என்று கேளுங்கள்.