புதிதாகக் கடை போடுபவர்கள் விடும் பிழைகள்

சென்ற வாரம் மருமகன் முறையான ஓர் இளைஞர் என்னைத் தேடி வந்தார். "மாமா, சில்லறைக் கடை ஒன்று போடப் போகிறேன். உம்மாவின் நகையை விற்ற காசு ஐந்து இலட்சம் இருக்கிறது. என்ன செய்யலாம்?" என்று கேட்டார். என்ன செய்யக் கூடாது என்பதைத்தான் முதலில் சொன்னேன். 1996இல் அதே பிழைகளை விட்டு, என் முதல் கடையைப் பதினெட்டு மாதங்களில் மூடியவன் நான்.

முதலாவது, கடையின் அழகுக்கே முதலைக் கொட்டுவது. முற்பணம், றாக்கை, பெயர்ப்பலகை என்று முக்கால்வாசி போய்விட்டால் சாமான் வாங்க என்ன மிஞ்சும்? திறப்பு விழாவுக்கு வருபவர் பலகையைப் பார்ப்பார். மறுநாள் வருபவர் பருப்பும் சீனியும் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

இரண்டாவது, இலாபக் கணக்கு. 100 ரூபாவுக்கு வாங்கியதை 120க்கு விற்றால், வாங்கிய விலையில் 20 சதவீதம் இலாபம். பெருநாளைக்கு "20 சதவீத விலைக்கழிவு" என்று எழுதி மாட்டினால் 120இல் 24 ரூபா குறையும். சாமான் 96க்குப் போகும். நாலு ரூபா நட்டம். வாடகையும் மின்சாரமும் வேறு.

மூன்றாவது, கல்லாப்பெட்டியைச் சொந்தப் பணப்பையாக நினைப்பது. அந்த 120இல் 100 ரூபா மறுபடியும் சாமான் வாங்க வேண்டிய காசு. வீட்டுச் செலவுக்கு மாதம் இவ்வளவு என்று வரையறுத்து எடுங்கள்.

நான்காவது பிழைதான் என்னை வீழ்த்தியது. புறக்கோட்டை மொத்த வியாபாரிக்கு முப்பது நாள் தள்ளித் திகதியிட்டுக் காசோலை கொடுத்தேன். அந்தச் சாமானை ஊராருக்குக் கடனாகக் கொடுத்தேன். அவர்கள் பிந்தினார்கள், வங்கி பிந்தவில்லை. காசோலை திரும்பியது. அதன்பின் யாரும் எனக்குக் கடனுக்குச் சாமான் தரவில்லை. சொந்தக்காரர்தானே என்று வெட்கப்பட்டுப் பாதிக் கடனைக் கொப்பியில் எழுதவுமில்லை. கடனை எழுதி வைக்கச் சொல்லும் பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம்தான் குர்ஆனிலேயே நீளமானது. ஓதியிருந்தேன், கடைப்பிடிக்கவில்லை.

ஐந்தாவது, பதிவுகளைப் பிறகு பார்ப்போம் என்று விடுவது. வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியுங்கள். கடையின் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்க அது வேண்டும். உங்கள் தொழிலுக்கு உள்ளூராட்சி சபையின் அனுமதிப்பத்திரம் தேவையா என்று கேட்டறியுங்கள். விலையைக் காட்சிப்படுத்துவதும், கேட்பவருக்குப் பற்றுச்சீட்டுக் கொடுப்பதும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி கடமை.

எல்லாம் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் கடை போட வேண்டாமா, மாமா?" என்றார்.

"போடுங்கள், மகன். ஆனால் மூன்று இலட்சத்தோடு தொடங்குங்கள். மீதியை உம்மாவிடமே கொடுத்து வையுங்கள். முதல் வருடம் அதைக் கேட்கவே வேண்டாம்" என்றேன்.

கடன் கொப்பியை எப்படி எழுதுவது என்று அடுத்த வாரம் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.