பயந்த பிள்ளைக்கான செயலி பெரியவர் போனில் இருக்கட்டும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் வடக்கனந்தல், கச்சிராயபாளையம் பக்கம் ஒரு வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தால் அது பெரும்பாலும் அப்பாவுடையது அல்லது அம்மாவுடையது. பிள்ளையின் கைக்குச் சாயங்காலம் கொஞ்ச நேரம் வரும், அவ்வளவுதான். பதற்றக் கோளாறுள்ள குழந்தைகளின் சிகிச்சைக்குச் செயலிகள் உதவும் என்று சொன்னால், "அதெல்லாம் தனி போன் வைத்திருக்கும் பட்டணத்துப் பிள்ளைகளுக்கு" என்ற பதில் உடனே வருகிறது. நான் இதற்கு நேர்மாறாக நினைக்கிறேன். பத்து வயதுப் பிள்ளையின் பயத்துக்கான செயலிக்குப் பெரியவருடைய போன்தான் சரியான இடம். இந்தச் சிகிச்சை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

நம் பக்கம் இந்தக் கோளாறு தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. திங்கட்கிழமை காலை வயிற்றுவலி, பள்ளி வாசலில் வாந்தி, வகுப்பில் எழுந்து நின்றால் வாயடைப்பு, அம்மா கண்ணில் படாவிட்டால் அழுகை என்று வருகிறது. "பயந்த சுபாவம், வளர்ந்தா சரியாயிடும்" என்கிறோம்; இல்லையென்றால் மந்திரித்துத் தாயத்துக் கட்டுகிறோம். பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் 3.6 சதவீதம் பேருக்குப் பதற்றக் கோளாறு இருந்தது. ஆயிரம் பேர் படிக்கும் மேல்நிலைப் பள்ளியில் சுமார் 36 பேர் என்று வைத்துக்கொள்ளலாம். இது குணமாகக்கூடியது என்பதற்கு வலுவான சான்று உண்டு. அமெரிக்காவில் 7 முதல் 17 வயதுவரையிலான 488 பிள்ளைகளிடம் நடத்தி 2008-ல் வெளியிட்ட ஆய்வில், அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 60 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள். செர்ட்ரலின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 55, இரண்டும் சேர்ந்தபோது 81, மருந்தில்லாத வெற்று மாத்திரைக்கு 24 சதவீதம்.

அந்த நடத்தைச் சிகிச்சையின் உயிர் மருத்துவரின் அறையில் இல்லை. பயப்படும் காரியத்தைச் சிறுசிறு படிகளாகப் பிரித்து, எளிதானதிலிருந்து தொடங்கி, பயம் தானாக இறங்கும்வரை அதில் நின்று பழக வேண்டும். மறுநாளும் அதையே செய்ய வேண்டும். இது நடக்கவேண்டிய இடம் பள்ளி வாசல், பெட்டிக்கடை, பேருந்து நிறுத்தம். வாரத்தில் ஒரு மணி நேரம் ஆலோசகர் முன் உட்கார்ந்தால், மிச்ச நேரமெல்லாம் பிள்ளை வீட்டில்தான் இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் சிகிச்சை தோற்கிறது. செயலிக்கு வேலை இருப்பதும் அங்கேதான். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஜெனிபர் சில்க் குழுவினர் உருவாக்கிய 'ஸ்மார்ட்கேட்' இதற்கென்றே அமைந்தது. ஆலோசகர் தன் பக்கத்திலிருந்து பயிற்சியைக் குறித்து அனுப்புவார். பிள்ளை செய்து பதிவிடும். 9 முதல் 14 வயதுவரையிலான 34 பேரிடம், வெறும் எட்டு அமர்வுகளோடு இதைச் சேர்த்துப் பார்த்து 2020-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். சிகிச்சை முடிவில் 67 சதவீதம் பேரிடமும், இரண்டு மாதம் கழித்து 86 சதவீதம் பேரிடமும் கோளாறுக்கான அடையாளங்கள் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத சிறிய ஆய்வு இது. முழு நிரூபணமாக இதை எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனாலும் எட்டே அமர்வில் முடிவது எங்களுக்குச் சாதாரண விஷயம் இல்லை. கல்வராயன் மலையில் உள்ள வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இறங்கி வந்து போனால் ஒரு நாள் கூலி போகும். அமர்வுகளைக் குறைக்க வழி செய்யும் எதுவும் கவனிக்கத் தக்கது.

இனி, போன் ஏன் பெரியவர் கையில்? பிள்ளையின் பயம் வீட்டாரின் பாசத்தைத் தின்று வளர்கிறது. அழுகிறதே என்று பள்ளிக்கு விடுப்பு எழுதுகிறோம், பிள்ளைக்குப் பதில் நாமே கடையில் பேசுகிறோம், "ஒண்ணும் ஆகாதுல்ல?" என்ற கேள்விக்கு இருபது முறை பதில் சொல்கிறோம். ஒவ்வொரு முறையும் பயம் ஒரு சுற்றுப் பெருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் இதைக் குறைப்பதையே சிகிச்சையாக்கினார். பிள்ளையைப் பார்க்காமல் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி கொடுத்தார். 124 பிள்ளைகளை வைத்து நடத்திய ஒப்பீட்டில், பிள்ளைக்கே நேரடியாகத் தரும் நடத்தைச் சிகிச்சைக்கு அது குறையவில்லை. அம்மாவின் போனில் செயலி இருந்தால் பிள்ளைக்கான பயிற்சி, பெற்றோருக்கான பயிற்சி இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். இன்று எந்தப் படி, பயம் பத்துக்கு எத்தனை, பிறகு எத்தனை என்று இருவரும் சேர்ந்து குறிக்கிறார்கள்; தான் எங்கே தாங்கிப்பிடித்தோம் என்பதும் அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் ஒன்றைத்தான் முதலில் பார்ப்பேன்: பிள்ளை பயப்படும் காரியத்தைச் செய்யச் சொல்கிறதா, இல்லையா? கிடைப்பவற்றில் பெரும்பாலானவை மூச்சுப்பயிற்சி, மெல்லிசை, நீந்தும் மீன்கள் என்று நின்றுவிடுகின்றன. அந்த நேரத்துக்கு அமைதி கிடைக்கும். பள்ளி வாசல் அப்படியேதான் இருக்கும். மூச்சுப்பயிற்சி இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது என்ற நிலை வந்தால் அதுவே இன்னொரு தாயத்து. மேயோ கிளினிக்கில் ஸ்டீபன் ஒயிட்சைட் குழு செய்த 'ஆங்ஸைட்டி கோச்' படிப்படியாகப் பயத்தைச் சந்திக்க வைப்பதை மையமாக வைத்தது. தேட வேண்டியது அந்த வகை. தமிழில் அப்படியொன்று கைக்கு வராவிட்டால் போனில் ஏற்கெனவே உள்ளவை போதும். ஆலோசகர் சொன்ன படிகளை அவர் குரலிலேயே பதிவு செய்துகொள்ளலாம். நேரத்துக்கு அலாரம் வைக்கலாம். முடித்த படியைப் படமெடுத்து வைக்கலாம். இவற்றுக்குச் சிக்னல் வேண்டாம். கல்வராயன் மலையில் இது பெரிய விஷயம். வெளிச் செயலியை இறக்கினால் பிள்ளையின் உண்மைப் பெயரும் பள்ளியும் அதில் ஏற வேண்டாம். 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் விவரங்களுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது. அதைக் கேட்காத செயலியை நான் தொடமாட்டேன்.

போனே பிள்ளைகளைக் கெடுக்கிறது, அதிலேயே மருந்தா என்று கேட்பவர்களின் கவலை நியாயமானது. தனியே கையில் கொடுத்தால் ஐந்தாவது நிமிடம் ரீல்ஸ் ஓடும். பயிற்சிக்கு முன் இரண்டு நிமிடம், பின் இரண்டு நிமிடம், பெரியவர் பக்கத்தில் என்பது வேறு பழக்கம். இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: பிள்ளையின் பயம் உண்மையாக இருந்தால்? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அப்பா குடித்துவிட்டு வருவாரே என்று நடுங்கும் பிள்ளைக்குக் கோளாறு இல்லை; அது சரியாகவே பயப்படுகிறது. அடிக்கும் ஆசிரியர், தொடக்கூடாத இடத்தில் தொடும் உறவுக்காரர் என்றாலும் அப்படியே. அங்கே "பயத்தை எதிர்கொள்" என்பது கொடுமை. எந்தப் படியையும் தொடங்குமுன் தனியாக, பொறுமையாகக் கேட்க வேண்டும்; அதைச் செயலி கேட்காது. ஆபத்து தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. சாகிறேன் என்ற பேச்சோ, நாள்கணக்கில் சாப்பாடு இறங்காததோ இருந்தால் செயலியை மூடிவிட்டு மருத்துவமனை. மருத்துவர் எட்டாத இரவில் 14416 இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநலச் சேவை, தமிழில், இலவசமாக.

மலையில் உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அம்மாவின் போன் இல்லை. பெற்றோர் கேரளத்திலோ திருப்பூரிலோ வேலையில் இருப்பார்கள். அங்கே காப்பாளரின் போன்தான் அந்த இடத்தில் நிற்கும். அழும்போதெல்லாம் வீட்டுக்குப் போன் போட்டுக் கொடுப்பது இரக்கமாகத் தோன்றும், ஆனால் பிரிவுப் பயத்துக்கு அதுவே தீனி. நேரம் குறித்து தினம் ஒரே ஒரு அழைப்பு வையுங்கள். அழுதாலும் அதே நேரம், அழாவிட்டாலும் அதே நேரம். முன்கூட்டியே காப்பாளர் அன்றைய படியைப் பெற்றோருக்குச் சொல்லிவிட்டால், "அழுதியா?" என்று கேட்காமல் "இன்னைக்கு எதைச் செஞ்சே, சொல்லு" என்று அம்மா பேச்சைத் தொடங்கலாம்.