தெருவோர நிலைமாற்றியும் அதன் துணைச் சாதனங்களும்

மாணவர்களே, கொழும்பு நகரில் 11,000 வோல்ற்றில் விநியோகிக்கப்படும் மின், படிகுறை நிலைமாற்றியால் 230 வோல்ற்றாக்கப்பட்டு வீடுகளை அடைகிறது. இந்நிலைமாற்றியைக் காக்கும் துணைச் சாதனங்களைத் தெரிவுசெய்யும் முறையைக் கவனியுங்கள்.

1. உருகி: மூன்று அவத்தைகள் கொண்ட 100 கிலோவோல்ற்று அம்பியர் நிலைமாற்றியை எடுத்துக்கொள்வோம்.
தாழ் வோல்ற்றளவுப் பக்கத்தில் ஓர் அவத்தையின் முழுச்சுமை ஓட்டம் = 100,000 ÷ 3 ÷ 230 = 145 அம்பியர் (அண்ணளவாக).
உயர் வோல்ற்றளவுப் பக்கத்தில் இது ஏறத்தாழ 5.2 அம்பியர் மட்டுமே. ஆகவே இரு பக்கத்துக்கும் ஒரே உருகி பொருந்தாது.

2. பீங்கான் காவலி: வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற கடலை அண்டிய இடங்களில் காவலியில் உப்புப் படியும். அது ஈரமானால் மின்னைக் கடத்தும். எனவே மடிப்புகள் கூடிய, மேற்பரப்புப் பாதை நீண்ட காவலியே உகந்தது.

3. சிலிக்கா ஜெல் குப்பி: எண்ணெய் குளிர்ந்து சுருங்கும்போது உள்ளே செல்லும் வளியின் ஈரத்தை இது உறிஞ்சும். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் மாற்றவேண்டும்.

4. மின்னல் காப்பி: மின்னலால் ஏற்படும் மிகை வோல்ற்றளவைப் புவிக்குக் கடத்தும்.

கொள்வனவின்போது விலையை மட்டும் பாராது, சாதனத்தின் வோல்ற்றளவு, ஓட்டம் என்பவற்றை நிலைமாற்றியின் பெயர்ப்பலகையுடன் ஒப்பிடவேண்டும். சோதனைச் சான்றிதழையும் பார்க்கவேண்டும்.

மாதிரி வினா: உருகிக்குப் பதிலாகத் தடித்த செப்புக் கம்பியை இடுவது ஏன் தவறு?
விடை: மிகை ஓட்டத்தில் கம்பி உருகாது. சுருள்கள் வெப்பமேறிக் காவலிப் படை எரியும். எண்ணெய் தீப்பற்றி உயிராபத்தும் ஏற்படலாம்.

நினைவிற் கொள்க: நிலைமாற்றி ஆடலோட்டத்தில் மட்டுமே தொழிற்படும். அதனை ஒருபோதும் நெருங்காதீர்கள்.