சேற்று மின்கலத்தில் கிருமிப் படலத்தை வளர்க்கும் முறை

நெல்வயற் சேற்றிலிருந்து மின்சாரம் எடுக்கலாமெனக் கேள்வியுற்ற நிலச்சொந்தக்காரர் சிலர், அதன் உண்மை யாதெனச் சென்ற பருவத்தில் என்னை வினவினர். அவர்கட்கும், இத்தகைய கேள்விகளுக்கு விடை கூறவேண்டிய கிராம அதிகாரிகட்கும் பயன்படுமாறு இப்பாடம் எழுதப்படுகிறது.

தத்துவம்: காற்றுப் புகாத சேற்றில் வாழும் சிலவகை நுண்கிருமிகள், மட்கும் பொருள்களை உண்டு, அப்பொழுது வெளிப்படும் எலக்ட்ரான்களை அருகிலுள்ள இரும்புத் துருவின்மீது விடுகின்றன. நமக்கு மூச்சுக்குக் காற்று எவ்வாறோ, அவ்வாறே அவற்றுக்குத் துரு. துருவுக்குப் பதிலாகக் கரியாலான கம்பளத் துண்டொன்றைச் சேற்றிற் புதைத்து, நீரின் மேற்பரப்பிலுள்ள மற்றொரு துண்டுடன் கம்பியால் இணைப்போமாயின், எலக்ட்ரான்கள் கம்பி வழியே ஏறிப் பிராணவாயுவை அடையும். இவ்வோட்டமே மின்சாரம். கிருமிகளால் மின்சாரம் உண்டாவதை டர்ஹாம் சர்வகலாசாலைப் பேராசிரியர் பாட்டர் 1911-ல் காட்டினார். துருவைக் கொண்டு வாழும் ஜியோபாக்டர் இனம் அமெரிக்காவின் பொட்டாமக் நதிச் சேற்றிற் கண்டறியப்பட்டதை டெரக் லவ்லி முதலியோர் 1987-ல் வெளியிட்டனர். இவ்வினத்தின் கிருமிகள் நெல்வயற் சேற்றிலும் உள.

என் பிழை: முதன்முதல் ஒரு மண்தொட்டியில் வயற்சேறு இட்டு இக்கலத்தை அமைத்தேன். பத்தாம் நாள் கம்பளத்தை எடுத்துப் பார்க்கையில் வழவழப்பான பாசிபோன்றதொன்று படிந்திருக்கக் கண்டு, அழுக்கெனக் கருதி, தேய்த்துக் கழுவிப் புதைத்தேன். மின்சாரம் குன்றியது. மறுமுறையும் அங்ஙனமே செய்தேன், மறுமுறையும் குன்றியது. மூன்றாம் முறை வேறு வேலையால் கழுவ இயலாமற்போயிற்று. அப்பொழுதே மின்மானியின் முள் ஏறத் தொடங்கிற்று. நான் அழுக்கென்று களைந்தது பயிரையே. அப்படலமே கிருமிக் கூட்டம். அது ஒட்டி வளர்ந்தாலன்றி மின்சாரம் பெருகாது.

படலம் செழிக்கச் செய்யவேண்டுவன:

1. கிராபைட் கம்பளம் புதிதாயிருக்கையில் நீரை ஏற்காது. ஆய்வுக்கூடங்களில் அதனை 450 டிகிரி செண்டிகிரேட் சூட்டில் அரைமணி நேரம் வைத்து நீரேற்கும் தன்மை பெறச் செய்கின்றனர். உலையில்லாதோர் கொதிநீரிலிட்டு, உள்ளிருக்கும் காற்று வெளியேற நன்கு ஊறவைக்கலாம்.

2. செம்பும் இரும்பும் சேற்றில் அரிக்கப்பட்டுப் பொய்யான மின்சாரம் காட்டுமாதலின், சேற்றினுள் அவற்றைக் கம்பியாக உபயோகித்தலாகாது.

3. நன்கு இயங்கும் பழைய கலத்தின் சேற்றில் ஒரு கைப்பிடி இடுக. பாலுக்கு உறைமோர் போல, இது படலத்தை விரைவில் உண்டாக்கும்.

4. அடிக்கம்பளத்தின்மேல் நீர் எக்காலமும் நிற்கவேண்டும். மேற்கம்பளம் காற்றுப்பட இருக்கவேண்டும்.

5. கம்பியை ஏறத்தாழ 1000 ஓம் தடையுடன் முதல்நாள் தொட்டே இணைத்து வைக்கவேண்டும். இணைப்பை அவிழ்த்து வைத்தால் எலக்ட்ரான்களுக்குப் போக்கிடமின்றிப் படலம் வளராது.

6. உணவு அளவோடிருத்தல் நன்று. நெல்வேர் கசியும் பொருள்களே ஓரளவு உணவாகும். வைக்கோலை மிகுதியாக இட்டால் சாணவாயுவை உண்டாக்கும் கிருமிகள் பெருகி, களையைப்போல் உணவைக் கவரும். நைட்ரேட் உரமும் எலக்ட்ரான்களைத் தன்பால் ஈர்த்துவிடும்.

7. படலம் தடித்தால் மட்டும் போதாது. அதன் உட்பகுதியில் அமிலம் தேங்கினால் கிருமிகள் தளரும். ஆய்வுக்கூடங்களில் இதன்பொருட்டே சோடா உப்புக் கலந்த நீரை உபயோகிக்கின்றனர்.

வரவு செலவு: ஜப்பானியர் 2008-ல் வெளியிட்ட நெல்வயற் சோதனையில், அடிக்கம்பளத்தின் ஒரு சதுர மீட்டருக்கு அதிகபட்சம் சுமார் 6 மில்லிவாட் கிடைத்தது. இக்கணக்கின்படி ஓர் ஏக்கர் முழுதும் கம்பளம் புதைத்தாலும் 24 வாட்டுக்குச் சற்றே மேல். ஒன்றிரண்டு சிறு விளக்குகளுக்கே போதும். கம்பளத்தின் விலையோ அதனினும் எத்தனையோ மடங்கு. ஆகையால் வயலைக் கொண்டு வீட்டுக்கு விளக்கேற்றலாமென்று எவரேனும் முன்பணம் கேட்பாராயின், கொடுத்தலாகாது. இணைப்பில்லாக் கலம் 0.8 வோல்ட் அளவு காட்டக்கூடும். அதனைக் கண்டு மயங்கற்க. தடையை இணைத்து, ஒரு மாதம் ஓடவிட்டு, எத்தனை வாட் எனக் கேளுங்கள். கிராம அதிகாரிகள் இதனை ஊராருக்கு எடுத்துச் சொல்லல் நலம்.

எனினும் இக்கலம் வீணன்று. சிறிது மின்சாரமே வேண்டும் கருவிகளுக்கு இது ஏற்றது. அதே பொட்டாமக் நதியில் வானிலை அளக்கும் மிதவையொன்று சேற்று மின்கலத்தால் இயங்கியதை 2008-ல் வெளியிட்டுள்ளனர். கற்க விரும்புவோர் ஒரு தொட்டியளவில் செய்து பார்க்கலாம். ஆனால் படலத்தைக் கழுவுதல் கூடாது.