முறுக்கு கம்பெனி அட்வான்ஸ்

கேள்வி: என் அக்கா மகனுக்கு 15 வயது. ஏஜெண்ட் ஒருவர் மச்சானிடம் 40,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்து, குஜராத்தில் முறுக்கு கம்பெனி வேலைக்குக் கூட்டிப்போனார். ஏழு மாதமாகச் சம்பளம் இல்லை. பையன் போனில் பேசினால் பக்கத்தில் ஆள் நிற்கிறது. திருப்பி அனுப்பச் சொன்னால், "பணத்தை வட்டியோடு எடுத்து வை" என்கிறார். மச்சான் பத்திரத்தில் கைநாட்டு வைத்திருக்கிறார். நாங்களே அனுப்பிவிட்டுப் புகார் கொடுக்க முடியுமா?
வாசகர், கீழக்குயில்குடி

பதில்: முடியும். பணம் புரட்ட அலையாதீர்கள். உழைப்பை ஈடாக வைத்துக் கொடுத்த கடனை, 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அடியோடு செல்லாததாக்கிவிட்டது. 'இது அந்த வகைக் கடன் இல்லை' என்று ஏஜெண்ட் சொன்னால், அவர்தான் நிரூபிக்க வேண்டும். கைநாட்டுப் பத்திரத்தின் நகல் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். வழக்கில் உங்களுக்குத்தான் உதவும்.

ஆள் கடத்தல் என்றால் வாயைப் பொத்தி வேனில் தூக்கிப்போவது என்று சினிமா நம்மைப் பழக்கிவிட்டது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வடக்கே முறுக்கு பிழியப் போன பிள்ளைகளைப் பெற்றவர்களேதான் வழியனுப்பினார்கள். பெற்றவருக்குப் பணம் கொடுத்துச் சம்மதம் வாங்குவதையும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவு கடத்தல் வழிகளில் ஒன்றாகவே சொல்கிறது. பையனே சம்மதித்திருந்தாலும் அது எடுபடாது. 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் குறைந்தது 10 ஆண்டு சிறை.

இன்றே குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுங்கள். பையனின் படம், பள்ளிச் சான்று, அவன் பேசிய எண், அட்வான்ஸ் வாங்கிய தேதி இவற்றோடு காவல் நிலையம் போங்கள். கைரேகைச் சட்டம் என்ற குற்றப்பரம்பரைச் சட்டம் 1914-இலேயே உங்கள் ஊர்மேல் பாய்ந்தது. அதனால் ஸ்டேஷன் என்றால் பெரியவர்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. ஆனாலும் போங்கள். 'குஜராத்தில் போய்க் கொடு' என்று திருப்பியனுப்பச் சட்டத்தில் இடமில்லை. மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். மாவட்ட நீதிமன்றத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும், தொலைபேசி 15100.

பலர் கோட்டைவிடுவது ஒரு இடத்தில்தான். பையன் வந்தால் போதும் என்று ரயிலேற்றிக் கூட்டிவந்துவிடுவார்கள். மீட்கும் ஊரிலேயே சப்-கலெக்டரிடமோ கலெக்டரிடமோ விடுதலைச் சான்றிதழ் கேளுங்கள். உடனடி உதவி 30,000 ரூபாய் வரை உண்டு. சிறுவர்களுக்கான 2 லட்சம் மறுவாழ்வுத் தொகைக்கு அந்தக் காகிதம் முக்கியம். முழுத்தொகை வர வழக்கு முடிய வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும்.

அதுவரை ஏஜெண்டிடம் வாயைத் திறக்காதீர்கள். வாடை பட்டால் பையனை வேறு கம்பெனிக்கு மாற்றிவிடுவார்.